நடராஜன் எகானமி 9.05: நல்லதா, கெட்டதா?

2024 மே மாசம், ஐ.பி.எல். முடிஞ்ச கையோட சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு டீக்கடையில எனக்கும் என் ஆபீஸ் நண்பனுக்கும் நடந்த வாக்குவாதத்துல இருந்து இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். விஷயம் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன்.

"மச்சி, நம்ம ஊருக்காரர்னு சப்போர்ட் பண்ணாத. 2020-ல எகானமி 8.02. இந்த வருஷம் 9.05. ஓவருக்கு ஒரு ரன் கூட குடுக்குறாரு. ஆள் இறங்கிட்டாரு. நம்பர் பொய் சொல்லுமா?" அப்படின்னு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

எனக்கு அந்த நிமிஷம் பதில் வரலை. "யார்க்கர் போடுவார்ல"ன்னு ஏதோ சொல்லி சமாளிச்சேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தப்போ தான் புரிஞ்சுது: அவன் நடராஜனைப் பார்த்த மாதிரியே தான் நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மியூச்சுவல் ஃபண்டைப் பார்த்திருந்தேன். அதுல போனது அக்கா கல்யாணப் பணம். அந்தக் கதையைக் கொஞ்சம் கீழே சொல்றேன். முதல்ல கிரிக்கெட்டை முடிச்சுடுவோம்.

9.05-ஐ எதோட ஒப்பிடுறது?

2020 ஐ.பி.எல். கொரோனாவால யு.ஏ.இ.-ல நடந்தது. பெரிய மைதானங்கள், சீசன் போகப் போக மெதுவான பிட்ச். அந்த சீசன்ல ஒரு ஓவருக்கு சராசரியா அடிக்கப்பட்டது 8 ரன்னுக்குக் கொஞ்சம் மேல. நடராஜன் 16 மேட்ச்ல 16 விக்கெட், எகானமி 8.02. அதாவது பொதுச் சராசரியை ஒட்டி, கொஞ்சம் நல்லா.

2024-க்கு வாங்க. 2023-ல இம்பாக்ட் பிளேயர் விதி வந்து, ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பேட்ஸ்மேன் கூடுதலா கிடைச்சாச்சு. ஹைதராபாத் டீம் ஒரே சீசன்ல 277, 287, 266-ன்னு அடிச்ச வருஷம் அது. சீசன் முழுக்க ஓவருக்கு சராசரி 9.5-ஐத் தாண்டிடுச்சு. அந்த வருஷத்துல நடராஜன் 14 மேட்ச்ல 19 விக்கெட், எகானமி 9.05. சராசரியை விட ஓவருக்கு அரை ரன் கம்மி.

இப்போ சொல்லுங்க, ஆள் இறங்கினாரா, ஏறினாரா?

நண்பன் காட்டின ரெண்டு நம்பரும் உண்மை தான். ஆனா ரெண்டும் வேற வேற ஊர்ல, வேற வேற விலைவாசியில எடுத்த பில். 2020-ல ஒரு ரன்னோட மதிப்பும் 2024-ல ஒரு ரன்னோட மதிப்பும் ஒண்ணு இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னாடி சேலத்துல வாங்கின டீ விலையையும் இன்னைக்கு சென்னை ஏர்ப்போர்ட்ல வாங்கின டீ விலையையும் வெச்சு "எந்த மாஸ்டர் நியாயமானவர்"னு பேசுறது மாதிரி.

இன்னும் ஒரு படி உள்ள போவோம். நடராஜனை கேப்டன் பெரும்பாலும் எப்போ கூப்பிடுறாரு? கடைசி நாலு ஓவர்ல. பேட்ஸ்மேன் விக்கெட்டைப் பத்திக் கவலைப்படாம கண்ணை மூடிட்டு சுத்துற நேரம். அப்போ போடுறவரோட எகானமியையும், எட்டாவது ஓவர்ல ஃபீல்டர் அஞ்சு பேரை வெளிய நிறுத்திட்டுப் போடுற ஸ்பின்னரோட எகானமியையும் பக்கத்துல வெச்சா ஸ்பின்னர் தான் ஜெயிப்பார். அதனால அவர் நல்ல பவுலர்னு ஆயிடாது; வேலை வேற.

ஒரே ஒரு மேட்ச் எடுத்துக்குறேன். 2024 ஏப்ரல் 20, டெல்லி. ஹைதராபாத் பவர்பிளேயில மட்டும் 125 அடிச்சு, மொத்தம் 266. டெல்லி திருப்பி அடிச்சு 199-ல ஆல் அவுட். அந்த 199-ல நடராஜன் 4 ஓவர் போட்டுக் குடுத்தது 19. விக்கெட் 4. அதுலயும் 19-வது ஓவர் மெய்டன், மூணு விக்கெட்! அவரோட 4 ஓவரைத் தூக்கிட்டுப் பார்த்தா, மத்த பவுலர்ங்க சுமாரா 15 ஓவர்ல 180 ரன். ஓவருக்கு 12 பக்கம். அதே பிட்ச், அதே பேட்ஸ்மேன், அதே ராத்திரி: இவர் 4.75, மத்தவங்க 12. ஒப்பீடுன்னா இது தான். சூழ்நிலை அப்படியே இருக்க, ஆள் மட்டும் மாறணும்.

இதையே பணத்துக்குத் திருப்புங்க. நிஃப்டி 50 இண்டெக்ஸ் 2021-ல சுமார் 24% ஏறுச்சு. 2022-ல சுமார் 4% தான். இப்போ ஒரு ஃபண்ட் மேனேஜர் 2021-ல 20% குடுத்தார், 2022-ல 8% குடுத்தார்னு வெச்சுக்குவோம். இது நான் போடுற உதாரணம். எந்த வருஷம் அவர் நல்லா வேலை பார்த்தார்? 20% குடுத்த வருஷம் அவர் தூங்கியிருக்கார். சும்மா இண்டெக்ஸை வாங்கிப் போட்டிருந்தாலே 24% வந்திருக்கும். 8% குடுத்த வருஷம் தான் உழைச்சிருக்கார். ஆனா விளம்பரத்துல பெரிய எழுத்துல எது வரும்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்காகத் தான் ஒவ்வொரு ஃபண்டுக்கும் பக்கத்துல பெஞ்ச்மார்க்னு ஒரு வரி இருக்கும். 2018-ல இருந்து செபி இதை இன்னும் இறுக்கிடுச்சு: டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுற டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸோட தான் ஒப்பிடணும். அதுக்கு முன்னாடி ஃபண்டுக்கு டிவிடெண்ட் சேரும், ஒப்பிடுற இண்டெக்ஸுக்கு சேராது. எதிர் டீமுக்கு மட்டும் பவுண்டரியைத் தள்ளி வெச்ச மாதிரி ஒரு சலுகை, வருஷத்துக்கு ஒண்ணு ஒன்றரை சதவீதம்.

அஷ்வின் கதையும் இதே வகை. 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி சரியா 24. அதுல 383 விக்கெட் இந்தியாவுல எடுத்தது. உள்ளூர்ல சராசரி 22-க்குக் கீழ. வெளிநாட்டுல 30 பக்கம். உடனே "பார்த்தியா, வெளியில ஆகலை"ன்னு கிளம்பிடாதீங்க. ஸ்பின்னருக்கு ஆஸ்திரேலியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் பொதுவா எவ்வளவு சராசரி வருதுன்னு அடுத்த கேள்வி கேட்கணும். அதைக் கேட்காம 30-ஐத் திட்டுறது, கச்சா எண்ணெய் விலை ஏறின வருஷத்துல நாமக்கல் லாரி ஓனரைப் பார்த்து "ஏன் லாபம் கம்மி"ன்னு கேட்கிற மாதிரி.

எத்தனை மேட்ச்?

இப்போ இதே நடராஜனை வேற மாதிரி பாருங்க. இந்தியாவுக்காக டி20: 4 மேட்ச், 7 விக்கெட், சராசரி 17.4, எகானமி 7.6. உலகத்தரம். ஒருநாள் போட்டி: 2 மேட்ச், 3 விக்கெட், சராசரி 47.7. சுமார். டெஸ்ட்: 1 மேட்ச், 3 விக்கெட், சராசரி 39.7. பரவாயில்லை.

2020 டிசம்பர்ல கான்பெராவுல ஒருநாள் அறிமுகம், ரெண்டு நாள் கழிச்சு அதே ஊர்ல டி20 அறிமுகம், 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட் அறிமுகம். நெட் பவுலரா போனவர், ஒரே டூர்ல மூணு வடிவத்துலயும் அறிமுகமான முதல் இந்தியர். எல்லாம் ஏழு வாரத்துக்குள்ள முடிஞ்சுது. ஒரே ஆள், ஒரே கை, ஒரே யார்க்கர். ஆனா 17.4-ம் 47.7-ம் எப்படி? பதில் சப்புன்னு இருக்கும்: மேட்ச் போதாது. ரெண்டு மேட்ச்ல ஒரு கேட்ச் விட்டா, ஒரு எட்ஜ் நாலு போனா, சராசரி பத்து இருபது நகர்ந்துடும்.

இதுக்கு இந்திய கிரிக்கெட்ல என்னோட ஃபேவரிட் உதாரணம் வினோத் காம்ப்ளி. டெஸ்ட் சராசரி 54.20. சச்சின் டெண்டுல்கர் 53.78. நம்பர் பொய் சொல்லாதுன்னா காம்ப்ளி தான் பெரியவர்! ஆனா காம்ப்ளி ஆடினது 17 டெஸ்ட், சச்சின் 200. இன்னும் சிரிக்கணும்னா ஆண்டி கான்டோம்னு ஒரு வெஸ்ட் இண்டீஸ்காரர். 1948-ல ஒரே ஒரு டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ், 112 ரன். அதோட அவரை எடுக்கவே இல்லை. சராசரி 112. பிராட்மேனோட 99.94-ஐ விட மேல.

காசு சுண்டிப் பாருங்க, கணக்கு சுலபமா புரியும். 10 தடவை சுண்டினா 7-ம் அதுக்கு மேலயும் தலை விழுறதுக்கு வாய்ப்பு சுமார் 17%. ஆறு பேர் சுண்டினா ஒருத்தருக்கு விழுந்துடும். அவர் காசுல எந்த மாயமும் இல்லை. அதே 100 தடவை சுண்டி 70-ம் அதுக்கு மேலயும் தலை விழணும்னா லட்சத்துல நாலு வாய்ப்பு. சதவீதம் ரெண்டு இடத்துலயும் 70 தான். முதல் 70-க்கு மதிப்பே இல்லை. ரெண்டாவது 70-ஐப் பார்த்தா காசையே சந்தேகப்படணும். புள்ளியியல்ல இதுக்கு ஒரு விதி இருக்கு: தற்செயலோட ஆட்டத்தைப் பாதியாக் குறைக்கணும்னா நாலு மடங்கு மேட்ச் வேணும். கால்வாசி ஆக்கணும்னா பதினாறு மடங்கு. பொறுமை இல்லாதவங்களுக்குப் பிடிக்காத விதி.

(சுண்டுறதுன்னதும் ஞாபகம் வருது. 2023 உலகக்கோப்பை ஃபைனல்ல இருந்து 2025 டிசம்பர் வரைக்கும் இந்தியா ஒருநாள் போட்டியில வரிசையா 20 டாஸ் தோத்துச்சு. ரோஹித், ராகுல், கில்னு மூணு கேப்டன். 20 தடவை வரிசையா தோற்க வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணு. டாஸ் ஜெயிக்க கோச்சிங் குடுக்கணும்னு யாரும் சொல்லலை, ஏன்னா டாஸ்ல திறமை இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா வரிசையா பத்து டிரேட் ஜெயிச்ச ஒருத்தரோட ஸ்கிரீன்ஷாட் வந்தா மட்டும் டெலிகிராம் குரூப்ல சேர்ந்துடுறோம். 1024 பேர் சும்மா காசு சுண்டினாலே ஒருத்தருக்கு பத்து தடவை வரிசையா தலை விழும். மீதி 1023 பேர் ஸ்கிரீன்ஷாட் போடமாட்டாங்க.)

ஏலம் எடுக்குறவங்க கூட இந்த விஷயத்துல நம்மள மாதிரி தான். டி.என்.பி.எல்.-ல யார்க்கரா போட்டுக் கலக்கின நடராஜனை 2017-ல பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்துச்சு. அடிப்படை விலை வெறும் 10 லட்சம். அந்த சீசன்ல 6 மேட்ச், 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் எடுத்த விலை 40 லட்சம். 2018, 2019 ரெண்டு சீசனும் ஒரு மேட்ச் கூட இறக்கலை. 2020-ல கலக்கினார். 2022-ல 4 கோடி. 2024 கடைசியில நடந்த ஏலத்துல டெல்லி குடுத்தது 10.75 கோடி. அதுக்கப்புறம் 2025 சீசன்ல அவர் ஆடினது 2 மேட்ச்.

3 கோடி, 40 லட்சம், 4 கோடி, 10.75 கோடி. பவுலர் அவ்வளவு ஏறி இறங்கினாரா? கொஞ்சம் முன்னேறியிருப்பார், காயமும் பட்டிருக்கார். ஆனா 3 கோடி ஆள் ஆறே மேட்ச்ல 40 லட்சம் ஆள் ஆகமாட்டார். ஆறு மேட்சைப் பார்த்து விலை போட்டவங்களோட அவசரம் அதுல பாதி.

அக்கா கல்யாணப் பணம்

சரி, என் கதை. 2021 டிசம்பர். அக்காவுக்கு ஆவணியில கல்யாணம் பேசி முடிச்சிருந்தோம். என் பங்குக்கு 2 லட்சம். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆர்.டி.-ல சேர்த்தது. "எட்டு மாசம் சும்மா கிடக்கப் போகுதே"ன்னு தோணுச்சு. ஒரு ஆப்ல "ஒரு வருட ரிட்டர்ன்" பட்டனை அமுக்கி, மேல இருந்து கீழ வரிசைப்படுத்தினேன். முதல் பக்கம் முழுக்க ஐ.டி. செக்டர் ஃபண்ட். எல்லாம் 60%-க்கு மேல. அதுல ஒண்ணை எடுத்து, ஜனவரி முதல் வாரம் மொத்தத்தையும் போட்டேன்.

அப்பா மட்டும் கேட்டார். "ஏம்ப்பா, அது எத்தனை வருஷமா இப்படிக் குடுக்குதாம்?"

"போன வருஷம் 60 பர்சென்ட் குடுத்திருக்குப்பா."

"நான் எத்தனை வருஷம்னு தான் கேட்டேன்."

நான் அதுக்கு மேல பேசலை. அப்பாவுக்கு ஷேர் மார்க்கெட் தெரியாதுன்னு எனக்கு ஒரு நினைப்பு. முப்பது வருஷம் பவர்லூம் ஓட்டினவர், ஒரு சீசன் ஆர்டரை நம்பி ரெண்டு தறி கூடுதலாப் போட்டவங்க என்ன ஆனாங்கன்னு பக்கத்துத் தெருவுலயே பார்த்தவர்.

நிஃப்டி ஐ.டி. இண்டெக்ஸ் 2021-ல 60% பக்கம் ஏறினது நிஜம். 2022-ல 26% பக்கம் இறங்கினதும் நிஜம். ஜூன் கடைசியில மண்டபத்துக்கும் சமையலுக்கும் அட்வான்ஸ் குடுக்கணும்னு பணத்தை எடுத்தப்போ கைக்கு வந்தது 1,44,000. மீதி 56,000-க்கு அம்மா செயினை அடகு வெச்சோம். அக்கா கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. இந்தக் கட்டுரையை அவ படிச்சா தெரிஞ்சுக்குவா. செயினைத் திருப்ப எனக்கு பதினோரு மாசம் ஆச்சு. அந்த பதினோரு மாசமும் அம்மா வெறும் கழுத்தோட விசேஷத்துக்குப் போனதைப் பார்த்தவன் நான்.

ரெண்டு தப்பு பண்ணியிருக்கேன். எட்டு மாசத்துல வேணுங்கிற பணத்தை பங்குச்சந்தையில போட்டது முதல் தப்பு. அது தனி வீடியோவாவே பேசியாச்சு. ரெண்டாவது தப்பு தான் இன்னைக்கு விஷயம்: ஒரு வருஷத்தைப் பார்த்து ஆளை எடை போட்டது. அந்த 60% காம்ப்ளியோட முதல் ஏழு டெஸ்ட் மாதிரி. அந்த ஏழுல அவர் சராசரி 113. முழுசும் உண்மை, ஆனா அடுத்த பத்து டெஸ்ட்டைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலை.

சராசரியே சில சமயம் ஏமாத்தும்

2021-ல +60, 2022-ல −26. கூட்டி ரெண்டால வகுத்தா 17. "ரெண்டு வருஷ சராசரி 17%"னு ஒருத்தர் சொன்னா பொய் இல்லை. ஆனா 2021 ஆரம்பத்துல 1 லட்சம் போட்டவர் கணக்கைப் பாருங்க. 1,60,000 ஆகி, அதுல 26% போய் 1,18,400. வருஷத்துக்கு உண்மையில வளர்ந்தது 8.8% தான். அதே ரெண்டு வருஷம் சாதாரண நிஃப்டி 50-ல போட்டிருந்தா 24-ம் 4-ம் சேர்ந்து சுமார் 1,29,000. வருஷத்துக்கு 13.6%. வேடிக்கை என்னன்னா, நிஃப்டி 50-ஓட சராசரி 14 தான். சராசரியில 17 ஜெயிக்குது. பாங்க்ல இருக்கிற பணத்துல 14 ஜெயிக்குது. ஏன்னா பெரிய இறக்கம், ஏறின மொத்தப் பணத்துல இருந்தும் அள்ளிட்டுப் போகும். 50% இறங்கினதை மீட்க 50% ஏறினா போதாது, 100% ஏறணும்.

கிரிக்கெட்ல இதுக்கு அச்சு அசலான ஜோடி 2019 உலகக்கோப்பை பாகிஸ்தான். லீக் முடிவுல நியூசிலாந்தும் பாகிஸ்தானும் ஆளுக்கு 11 பாயிண்ட். 5 ஜெயிப்பு, 3 தோல்வி, 1 மழை. ரெண்டு பேரும் மோதின மேட்ச்ல ஜெயிச்சது பாகிஸ்தான். ஆனா செமிஃபைனல் போனது நியூசிலாந்து. காரணம் நெட் ரன் ரேட்: நியூசிலாந்து +0.175, பாகிஸ்தான் −0.430.

அந்த −0.430 எங்க இருந்து வந்துச்சு? பெரும்பகுதி முதல் மேட்ச்ல இருந்து. வெஸ்ட் இண்டீஸ் கிட்ட 21.4 ஓவர்ல 105-க்கு ஆல் அவுட். நெட் ரன் ரேட் விதிப்படி ஆல் அவுட் ஆனா முழு 50 ஓவரும் ஆடினதாக் கணக்கு. அதனால பாகிஸ்தான் ரேட் ஓவருக்கு 2.1. வெஸ்ட் இண்டீஸ் 13.4 ஓவர்ல 108 அடிச்சுது, ஓவருக்கு 7.9. ஒரே மதியத்துல கிட்டத்தட்ட 6 ரன் பள்ளம். மீதி மேட்ச் எல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்பவே போச்சு. கடைசி லீக் மேட்ச்ல வங்கதேசத்தை நடக்கவே முடியாத அளவு வித்தியாசத்துல ஜெயிக்கணும்னு ஆகிப்போச்சு.

ஃபார்முலாவை யார் எழுதினாங்க, அது எதை எண்ணுது, எதை விடுதுன்னு தெரியாம நம்பரைப் பிடிச்சுத் தொங்க முடியாது. தோனியையே எடுங்க. ஒருநாள் போட்டியில 10,773 ரன், 297 இன்னிங்ஸ், சராசரி 50.57. நம்மள்ல பாதிப்பேர் "ஒரு இன்னிங்ஸுக்கு 50 அடிப்பார்"னு நினைக்கிறோம். அது இல்லை. ரன்னை இன்னிங்ஸால வகுக்க மாட்டாங்க, அவுட் ஆன தடவையால வகுப்பாங்க. தோனி 84 தடவை நாட் அவுட். 213-ஆல வகுத்தா 50.57. 297-ஆல வகுத்தா 36. அதுக்காக 36 தான் நிஜம், 50 ஏமாத்துன்னும் சொல்லமாட்டேன். ஆறாவதா இறங்கி, மீதி பத்து ஓவரை முடிச்சுட்டு வர்றவருக்கு 50 அடிக்க பந்தே இருக்காது. ஓப்பனரோட 50-ஐயும் ஃபினிஷரோட 50-ஐயும் நேரா மோதவிடக்கூடாது, அவ்வளவு தான். லிக்விட் ஃபண்டையும் ஸ்மால்கேப் ஃபண்டையும் யாரும் ஒரே வரிசையில வெச்சு "எது பெஸ்ட்"னு கேட்கக்கூடாதுன்னு நாம அடிக்கடி சொல்றதும் இதே காரணத்துக்குத் தான்.

டீம்களை எப்படி ஒப்பிடுறாங்க?

இந்தியா பெருசா, ஆஸ்திரேலியா பெருசான்னு பேச ஐ.சி.சி. ரேங்கிங் வெச்சிருக்கு. அது வெறும் ஜெயிப்பு சதவீதம் இல்லை. எதிராளி யாருங்கிறதைப் பொறுத்து பாயிண்ட் மாறும். ஒருநாள், டி20 கணக்கு இப்படி: ரெண்டு டீம் ரேட்டிங்குக்கும் வித்தியாசம் 40-க்குள்ள இருந்தா, ஜெயிச்ச டீமுக்கு எதிராளி ரேட்டிங் கூட்டல் 50; தோத்த டீமுக்கு எதிராளி ரேட்டிங் கழித்தல் 50. வித்தியாசம் 40-ம் அதுக்கு மேலயும்னா கதை வேற. 120 ரேட்டிங் டீம் 60 ரேட்டிங் டீமை ஜெயிச்சா அந்த மேட்சுக்குக் கிடைக்கிறது 130. தோத்தா 30. சின்ன டீம் ஜெயிச்சா அதுக்கு 150, தோத்தா 50. புள்ளப்பூச்சியை அடிச்சு பேர் வாங்க முடியாது, அதுகிட்ட அடி வாங்கினா மானம் போகும்னு நம்ம ஊர்ல சொல்றதை அப்படியே ஃபார்முலா ஆக்கியிருக்காங்க!

அதோட பழைய மேட்சுக்கு மதிப்புக் குறையும். சமீபத்துல நடந்த புது மேட்சுக்கு முழு மதிப்பு, அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குப் பாதி. அதையும் தாண்டினது கணக்குலயே இல்லை. 1983-ஐ வெச்சு இன்னைக்கு ரேங்கிங் வாங்க முடியாது.

இந்த முறைக்கும் ஓட்டை இருக்கு. உள்ளூர்ல ஜெயிச்சதும் வெளியூர்ல ஜெயிச்சதும் ஒண்ணாவே எண்ணப்படுது. ஆனா ஒரு ஃபண்டைப் பார்க்க நான் இன்னைக்கு வெச்சிருக்கிற முறை கிட்டத்தட்ட இதோட தம்பி. ஒரு வருட ரிட்டர்ன் பட்டனை அமுக்குறதே இல்லை. அதே வகை ஃபண்டுகளோடயும், அதோட டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸோடயும் வெச்சு ரோலிங் ரிட்டர்ன் பார்க்கிறேன். அதாவது ஜனவரியில போட்டு மூணு வருஷம் வெச்சிருந்தா எவ்வளவு, பிப்ரவரியில போட்டிருந்தா எவ்வளவு, மார்ச்சுலன்னா எவ்வளவுன்னு ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மேட்ச். பத்து வருஷ டேட்டா இருந்தா எண்பதுக்கும் மேல மேட்ச் கிடைக்கும். ஒண்ணோட ஒண்ணு மாசங்கள் கலந்து வர்றதால அது எண்பது தனித்தனி மேட்ச் ஆகாது, அது வேற விஷயம். ஆனாலும் ஒண்ணுக்கு எவ்வளவோ தேவலை. அதுல எத்தனை தடவை இண்டெக்ஸை ஜெயிச்சுது, மோசமான தடவை எவ்வளவு மோசம், ரெண்டையும் குறிச்சு வெச்சுக்குவேன். நடுவுல ஃபண்ட் மேனேஜர் மாறியிருந்தா அந்தத் தேதியில ஒரு கோடு. அதுக்கு முன்னாடி ஆடினது வேற பவுலர்.

என் நண்பனுக்கு இந்தக் கணக்கை எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். "சரி மச்சி, 9.05 நல்லது தான்"னு ஒத்துக்கிட்டான். போன மாசம் அவனே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்: ஏதோ ஒரு தீமேட்டிக் ஃபண்ட், ஒரு வருஷத்துல 48%. கீழே "போடலாமா?"ன்னு ஒரு கேள்வி. எங்க அப்பா கேட்டதையே திருப்பி அனுப்பினேன். இன்னும் பதில் வரலை, ப்ளூ டிக் மட்டும் விழுந்திருக்கு.

ரோலிங் ரிட்டர்னை நாமளே எக்ஸெல்ல போடுறது எப்படின்னு அடுத்த வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டுறேன். ஆம்ஃபி தளத்துல உங்க ஃபண்டோட பழைய என்.ஏ.வி. இலவசமாவே கிடைக்கும், குறைஞ்சது ஏழு வருஷத்துக்கு இறக்கி வெச்சுக்கிட்டு வீடியோவுக்கு வாங்க. ஏழு வருஷமே ஆகாத ஃபண்டா இருந்தா, எத்தனை மாசம் ஆச்சுன்னு மட்டும் எண்ணி கமென்ட்ல போடுங்க.